பேசாத மண்புழுவும் விலாசினி டீச்சரும்

குடை முனையால் சிரட்டையைக் கவிழ்த்து, உள்ளே தேங்கிய மழைத்தண்ணீர் மண்ணுக்குள் இறங்குகிறவரை நின்று பார்த்துவிட்டுத்தான் விலாசினி டீச்சர் அடுத்த அடி எடுத்து வைப்பாள். ஆற்றோரமாக நடந்தால் அவள் வீட்டிலிருந்து முண்டக்கடவு பள்ளிக்கூடம் வெற்றிலை போட்டு மெல்லுகிற தூரம்தான். அவளுக்கு மட்டும் அது நீண்டுகொண்டே போகும். ரப்பர் மரத்தில் பால் வடிக்கக் கட்டிய சிரட்டை, நாய்க்குட்டிக்கு வைத்த பழைய சட்டி, கிணற்றடியில் கிடக்கும் உடைந்த வாளி என்று எது கண்ணில் பட்டாலும் கவிழ்க்காமல் போகமாட்டாள். யார் வீட்டு முற்றம் என்ற கணக்கெல்லாம் கிடையாது.

"என்ன ஜானகி, கொசுவுக்கு வாடகை இல்லாம வீடு கட்டிக் குடுத்திருக்கியா?"

துணி துவைத்துக்கொண்டிருக்கும் ஜானகி தலையைத் தூக்காமலே பதில் சொல்வாள். "ஒரு அறை காலியாத்தான் இருக்கு டீச்சரே. நீங்களும் வந்து தங்கிக்கோங்க."

ஒருநாள் குஞ்ஞம்பு வேலிக்குப் பின்னால் மறைத்து வைத்திருந்த கள்ளையும் அவள் கவிழ்த்துவிட்டாள். அவன் ஓடிவந்து பார்த்துவிட்டு, ஈர மண்ணின் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டான். "அது கொசுவை வளக்கிற தண்ணி இல்ல டீச்சரே! என்னை வளக்கிற தண்ணி!"

"உன்னை வளத்து யாருக்கு என்ன லாபம்?" என்று கேட்டுவிட்டு அவள் குடையைத் தோளில் சாய்த்துக்கொண்டு போய்விட்டாள்.

கேள்வி கேட்பது அந்தக் குடும்பத்து ரத்தத்திலேயே இருக்கிறது. விலாசினியின் அம்மா கல்யாணி எனக்குச் சின்னம்மா மகள். கல்யாணியின் அண்ணன் கோரன் ஊர்க் கோயில் காவில், சாமி வேடம் கட்டி வாக்குச் சொல்கிற தெய்யத்தின் முன்னாலேயே வாயைத் திறந்த மனிதர். மஞ்சளும் சிவப்பும் பூசிய முகத்தோடு தெய்யம் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "எல்லாம் நல்லபடியா வரும், பயப்பட வேண்டாம்" என்று வாக்குச் சொன்னது. வாங்கிக்கொண்டு நகர வேண்டியதுதானே? கையை விடாமல் கோரன், "எப்படித் தெரியும்?" என்று கேட்டார். செண்டை கொட்டுகிறவன் கையே ஒரு கணம் தவறிப்போனது. அந்த வருடம் தெய்யம் கட்டி ஆடியவர் கோரனுக்குச் சின்ன வயதிலிருந்தே சிநேகிதர். தெய்யக் குரல் மாறாமலே, "வீட்டுக்குப் போ கோரா, பின்னால ஆள் நிக்குது" என்று அனுப்பிவைத்தார்.

தாய்மாமனின் அந்த இரண்டு வார்த்தைதான் மருமகளுக்குச் சொத்தாக வந்தது. பிள்ளைகள் என்ன சொன்னாலும் விலாசினி கேட்பது அதைத்தான். "இன்னிக்கு மழை வரும் டீச்சரே." "எப்படித் தெரியும்?" "வயித்து வலி டீச்சரே, வீட்டுக்குப் போகட்டுமா?" "வயிறுதான்னு எப்படித் தெரியும்?" பிள்ளைகள் அவளுக்கு 'எப்படி டீச்சர்' என்றே பேர் வைத்துவிட்டார்கள். அவளுக்கும் அது தெரியும். எப்படித் தெரிந்தது என்று மட்டும் யாரும் கேட்டதில்லை.

நான் அந்தப் பள்ளிக்கூடத்தில் கஞ்சியும் பயறும் வைக்கிறவள். என் சமையல்புரைக்கு அடுத்த அறைதான் அறிவியல் மன்றம். வெள்ளிக்கிழமை கடைசி மணி அடித்ததும் எட்டாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை உள்ள பிள்ளைகள் அங்கே கூடுவார்கள். மற்றப் பாடங்களில் தூங்கி வழிகிற பிள்ளைகூட அங்கே கண் விழித்திருக்கும். விலாசினி அங்கே பாடம் நடத்துவதில்லை. "பலாப்பழ மணம் எவ்வளவு தூரம் போகும்?" என்று ஒரு பிள்ளை கேட்டால், "பழத்தைக் கொண்டு வா, பார்ப்போம்" என்பாள். ஒருத்தன் பழத்தோடு நிற்பான், மற்றவர்கள் கண்ணைக் கட்டிக்கொண்டு மைதானத்தில் தடுமாறித் திரிவார்கள். அன்றைக்கு ஆற்றுக்குள் இறங்கிப்போன ஒரு பையனைப் படகுக்காரர்தான் பிடித்துக் கொண்டுவந்து விட்டார்.

அந்த மன்றத்துக்குள் போன என் பாத்திரம் எதுவும் திரும்பி வந்ததில்லை. டீ வடிகட்டி போனது, சின்னக் கரண்டி போனது, மாவு சலிக்கிற சல்லடையும் போனது. கேட்டால், "உங்க சல்லடை ஆராய்ச்சியில இருக்கு மாதவியேச்சி" என்பாள். முறை எதுவானாலும் ஊருக்கே நான் ஏச்சி, அதாவது அக்கா. அது ஆராய்ச்சியில் இருந்ததை நானும் பார்த்தேன். அதில் தவளை முட்டை இருந்தது.

அவள் கைப்பையைத் திறக்க எங்கள் சொந்தத்தில் யாருக்கும் தைரியம் இல்லை. என் நாத்தனார் பேத்தி கல்யாணத்தில், பந்தியில் உட்கார்ந்தபடி கைக்குட்டை எடுக்கப் பையைத் திறந்தாள். ஒரு சின்னப் புட்டி உருண்டு இலை ஓரத்தில் போய் நின்றது. உள்ளே ஒரு மரவட்டை. மாப்பிள்ளை வீட்டார் வரிசையே எழுந்துவிட்டது. "கடிக்காது, உக்காருங்க, இது இலை தழைதான் தின்னும்" என்று சமாதானம் சொல்லிவிட்டு அவள் மட்டும் பாயசம் வரைக்கும் இருந்து சாப்பிட்டாள்.

இப்படிப்பட்டவளுக்கு வாய்த்த கணவன் நாடகக்காரன். பவித்ரன் என்று பேர், பிழைப்புக்குப் பேருந்தில் கண்டக்டர். சீட்டுக் கிழிக்கிறபோதே வசனம் வரும். "எங்கே போகிறாய் மகனே, எந்தக் கரையில் இறங்கப் போகிறாய்?" என்று கேட்டால் பையன்கள் ஊர்ப் பேரையே மறந்துவிடுவார்கள். அவன் எனக்குக் கணவர் வழியில் மருமகன் முறை. இரண்டு பக்கமும் சொந்தம் என்பதால் இரண்டு பக்கத்துச் சண்டையும் என் சமையல்புரைக்குத்தான் வந்து சேரும்.

சண்டைக்குக் காரணம் சாஸ்திர மேளா என்கிற பள்ளிக்கூடங்களின் அறிவியல் போட்டி. வருடா வருடம் நடக்கிற அந்த மேளாவில் மாதிரி செய்து வைப்பது, வினாடி வினா இவற்றோடு அறிவியல் நாடகமும் உண்டு. உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகள் ஓர் அறிவியல் விஷயத்தை எடுத்து மேடையில் நடிக்க வேண்டும். வட்டாரத்தில் முதலிடம் வந்தால் மாவட்டத்துக்குப் போகலாம். எங்கள் பள்ளி ஒருதடவைகூடப் போனதில்லை. ஆற்றுக்கு அக்கரையில் இருக்கிற பள்ளி போகாத வருடமில்லை. அக்கரைப் பிள்ளைகளுக்கு நாடகம் பழக்குகிறவன் பவித்ரன்.

அக்கரை நாடகத்தில் இதயம் மூளையைக் காதலிக்கும், கல்லீரல் பொறாமைப்படும், கடைசியில் நுரையீரல் உயிரைக் கொடுத்து இருவரையும் சேர்த்துவைக்கும். சபையில் பெண்கள் மூக்கைச் சிந்துவார்கள். எங்கள் நாடகத்தில் அப்படி எதுவும் நடக்க விலாசினி விடமாட்டாள். மண்புழுவைப் பற்றி ஒரு வருடம் நாடகம் போட்டாள். மண்புழுவுக்குக் குரல் கிடையாது என்பதால் மண்புழுவாக நடித்த பையன் முடிகிறவரை ஒரு வார்த்தை பேசவில்லை. இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் ஊர்ந்தான், அவ்வளவுதான். நடுவர் ஒருவர் தூங்கிவிட்டார். மேளா ஊட்டுப்புரையில் பரிமாறிக்கொண்டிருந்த பெண்கள், "முண்டக்கடவு நாடகம் ஆரம்பிச்சா சாப்பாட்டுக்கு இலை போடலாம்" என்று நேரம் பார்க்கிற அளவுக்கு வந்துவிட்டது.

"மூளைக்கு மட்டும் நாடகம் போட்டா போதாது விலாசினி, நெஞ்சுக்கும் போடணும்" என்பான் பவித்ரன்.

"உங்க இதயம் காதலிச்சுக்கிட்டு இருந்தா ரத்தத்தை யாரு இறைப்பாங்க பவித்ரேட்டா? கல்லீரலா?"

அன்றைக்கு அவன் சாயாக்கடையில் புட்டும் கடலையும் சாப்பிட்டுவிட்டுப் போவான். அவள் கட்டிக்கொடுத்த மீன்கறிச் சோறு எனக்கு வரும். நான் வேண்டாம் என்று சொன்னதில்லை.

இந்த வருடம் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் எதிர்த்து நின்றுவிட்டார்கள். முன்னால் நின்றவள் ரிஷானா. விலாசினி வீட்டுக்கும் ரிஷானா வீட்டுக்கும் நடுவில் ஒரு செங்கல் சுவர்தான். போன மழைக்காலத்தில் அவள் உம்மாவுக்கு டெங்குக் காய்ச்சல் வந்து, தாலுகா ஆஸ்பத்திரியில் பிழைப்பாளோ மாட்டாளோ என்று கிடந்து, எலும்பும் தோலுமாக வீடு திரும்பினாள். அதற்குப் பிறகு ரிஷானாவுக்குக் கொசுவைத் தவிர வேறு பேச்சில்லை.

"டீச்சரே, எங்களுக்கு அடுத்த வருஷம் கிடையாது. இந்தத் தடவையாவது மாவட்டத்துக்குப் போகணும். நாடகத்துல கொசு பேசணும்."

"கொசு பேசாது."

"மண்புழு பேசலன்னுதான் டீச்சரே அந்த நடுவர் தூங்கினாரு!"

விலாசினி நெடுநேரம் நெற்றியைச் சொறிந்தாள். நான் அரிசி களைந்துகொண்டே காது கொடுத்திருந்தேன். கடைசியில் இறங்கி வந்தாள். "சரி, பேசட்டும். பேசறதுங்கற ஒரு பொய்யோட நிறுத்திக்கணும். அது வாயைத் திறந்து சொல்ற ஒவ்வொண்ணும் நிஜமா இருக்கணும். எங்க பொறந்துச்சு, எதைக் குடிச்சுது, யாரைக் கடிச்சுது, எல்லாத்துக்கும் நீங்க கண்ணால பார்த்த சாட்சி வேணும்."

கூரை அதிர்ந்தது. கொசு வேடம் தனக்குத்தான் என்று அபிநந்த் துள்ளினான். நல்ல நடிகன், குரலும் கணீரென்று இருக்கும்.

"கடிக்கிறது பொம்பளைக் கொசு மட்டும்தான்" என்றாள் விலாசினி.

"அப்ப ஆம்பளைக் கொசு என்ன டீச்சரே பண்ணும்?"

"பூவுல தேன் குடிச்சுட்டுச் சும்மா கிடக்கும்."

"எங்க வீட்லயும் அப்படித்தான்" என்று பின்வரிசையிலிருந்து ஒரு பெண் சொல்ல, அபிநந்தின் வேடம் அத்தோடு முடிவானது. நாடகம் முழுக்க ஒரு செம்பருத்தியைக் கையில் வைத்து உறிஞ்சிக்கொண்டு நிற்க வேண்டும். கொசு வேடம் ரிஷானாவுக்குப் போனது.

சாட்சி தேடிப் பிள்ளைகள் வீடு வீடாகக் கிளம்பினார்கள். கொசு எங்கே முட்டை வைக்கிறது என்று கண்ணால் பார்த்து வரவேண்டும். கிளம்பும்போது விலாசினி வாசலில் நின்று, "முதல்ல என் வீட்டுக்குப் போங்க. ஒரு சொட்டுத் தண்ணி தேங்காத வீடு எப்படி இருக்கும்னு பார்த்துட்டு, அப்புறம் மத்த வீட்டுக்குப் போங்க. அப்பத்தான் வித்தியாசம் தெரியும்" என்றாள்.

திரும்பி வந்தபோது பிள்ளைகள் சத்தமில்லாமல் வந்தார்கள்.

"எப்படி இருந்துச்சு என் வீடு?"

"சுத்தம் டீச்சரே" என்றான் அபிநந்த். ரிஷானா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தனியாக என் சமையல்புரைக்கு வந்து, மூடிக்குப் பதில் மெல்லிய துணி கட்டிய ஒரு புட்டியை அரிசிப் பீப்பாய்க்குப் பின்னால் வைத்தாள். "மாதவியேச்சி, இது இங்கயே இருக்கட்டும். டீச்சர் கேட்டா ஊறுகாய்னு சொல்லுங்க." குனிந்து பார்த்தேன். தண்ணீருக்குள் நூல் நூலாகப் புழுக்கள் தலைகீழாக நெளிந்துகொண்டிருந்தன. அப்படி ஊறுகாய் நான் போட்டதில்லை.

விஷயம் பவித்ரன் மூலம்தான் எனக்குத் தெரிந்தது. பிள்ளைகள் வந்தபோது வீட்டில் இருந்தவன் அவன் மட்டும். முற்றம், மொட்டைமாடி, பூந்தொட்டி எல்லாம் பார்த்தார்கள், எங்கும் ஒன்றுமில்லை. கடைசியில் ரிஷானா, ஃபிரிட்ஜை நகர்த்திப் பார்க்கலாமா என்று கேட்டிருக்கிறாள். ஃபிரிட்ஜின் பின்பக்கம் அடியில் தண்ணீர் வடிந்து தேங்க ஒரு தட்டு இருக்கிறதல்லவா? வாங்கிய நாளிலிருந்து யாரும் தொடாத தட்டு. அதில் கொசுப்புழுக்கள் திருவிழாக் கொண்டாடிக்கொண்டிருந்தன.

"எனக்குச் சிரிப்பு அடக்க முடியல ஏச்சி" என்றான் பவித்ரன். "ஊர்ல எல்லார் சிரட்டையையும் கவுத்தவ வீட்ல! அப்புறம்தான் பயம் வந்துச்சு. அவகிட்ட சொல்லிடாதீங்கடா, வீட்ல சோறு பொங்காதுன்னு பிள்ளைங்க கையைப் பிடிச்சுக் கெஞ்சினேன். தட்டை அப்பவே கழுவிக் கவுத்து வெச்சுட்டேன். அந்தப் பொண்ணு அதுக்குள்ள ஒரு புட்டியில பிடிச்சுக்கிட்டா."

ஒத்திகை தொடங்கியது. ரிஷானா பழைய குடைத்துணியில் சிறகு கட்டி, கறுப்புப் பாவாடையில் வெள்ளை நாடா தைத்து வந்து நின்றாள். அதுவரை சிரித்துச் சிரித்தே வசனம் மறக்கிற பெண், சிறகு கட்டியதும் ஆளே மாறிவிட்டாள். "நான் பிறந்தது ஒரு வீட்டு ஃபிரிட்ஜுக்குப் பின்னால. முன்கதவைத் திறந்தா பால், மீன், மாம்பழம். பின்னால நான். முன்பக்கத்தை அவங்க தினமும் துடைச்சாங்க" என்று நிறுத்தி, சபையைப் பார்த்து ஒரு பார்வை பார்த்தாள். கரண்டியைக் கீழே வைத்துவிட்டு நானும் ஜன்னலுக்கு வந்துவிட்டேன்.

விலாசினிக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. "அருமை! இது எனக்கே தோணல. யாரும் பார்க்காத இடம்." பிறகு வழக்கப்படி கேட்டாள். "எந்த வீட்ல பார்த்தீங்க? எப்படித் தெரியும்?"

அபிநந்த் செம்பருத்தியை உறிஞ்ச ஆரம்பித்துவிட்டான்.

"சாட்சி இல்லாத வசனம் நாடகத்துல இருக்காதுன்னு சொல்லியிருக்கேன். எந்த வீடு?"

ரிஷானா சிறகோடு என் சமையல்புரைக்கு நடந்து வந்தாள். பீப்பாய்க்குப் பின்னாலிருந்து புட்டியை எடுத்துக்கொண்டு போய் மேசைமேல் வைத்தாள். புழுக்கள் எல்லாம் இப்போது கொசுவாகி, துணிக்கு அடியில் சுற்றிக்கொண்டிருந்தன. "டீச்சர் வீடு" என்றாள்.

விலாசினி பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்துப் புட்டிக்குப் பக்கத்தில் குனிந்தாள். கால்களில் வெள்ளை வரி. பகலில் கடிக்கிற ஜாதி, டெங்கு கொண்டு வருகிற ஜாதி. இந்தக் கொசு ரொம்ப தூரம் பறக்காது, பிறந்த வீட்டையும் பக்கத்து வீட்டையும் சுற்றித்தான் வரும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்ததே அவள்தான். நிமிர்ந்தபோது அவள் ரிஷானாவைப் பார்த்தாள்.

"உன் உம்மாவுக்குக் காய்ச்சல் வந்தது... அது என் வீட்டு..."

"எப்படித் தெரியும் டீச்சரே?" என்றாள் ரிஷானா. "அது நமக்குத் தெரியாது. தெரியாததைச் சொல்லக் கூடாது."

பதினைந்து வயதுப் பெண். எங்கிருந்து வந்தது அந்தப் பேச்சு என்று நான் வேறு எங்கும் தேட வேண்டியிருக்கவில்லை. விலாசினி பூதக்கண்ணாடியைப் பையில் போட்டாள். குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாள் விடிந்ததும் பவித்ரன் வந்து நின்றான். "திட்டவே இல்ல ஏச்சி. டார்ச்சை வெச்சுக்கிட்டு ஃபிரிட்ஜுக்குப் பின்னால தரையில உக்காந்திருக்கா. காலியாக் கிடக்கிற தட்டைப் பார்த்துக்கிட்டே இருக்கா. திட்டியிருந்தா நிம்மதியா வேலைக்குப் போயிருப்பேன்."

நாடகம் கைவிட்டுப் போனது என்றே பிள்ளைகள் நினைத்தார்கள். பத்தாம் வகுப்புப் பெண்கள் இரண்டு பேர் என் அடுப்படியில் வந்து அழுதுவிட்டுப் போனார்கள். அடுத்த வெள்ளிக்கிழமை விலாசினி மன்றத்துக்கு வந்தாள்.

"அந்தக் காட்சி இருக்கட்டும்" என்றாள். "நிஜம் அதுதான். ஆனா யார் வீடுன்னு மட்டும் எங்கயும் சொல்ல வேண்டாம். நான் கேட்டுக்கறேன்." கொஞ்ச நேரம் சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டிருந்தாள். "நாளைக்கு இந்த ஊர்ல ஒரு சிரட்டையை நான் எந்த முகத்தோட கவுப்பேன்? ஜானகி விடுவாளா? குஞ்ஞம்பு விடுவானா?"

"உயிர் போனாலும் சொல்லமாட்டோம் டீச்சரே" என்றான் அபிநந்த்.

"உயிர் எல்லாம் வேண்டாம். வசனத்தைப் பாடம் பண்ணு." அவனுக்கு வசனமே இல்லை என்பதை அவளும் மறந்திருந்தாள்.

அதற்கப்புறம் அவள் பள்ளிக்கூடத்துக்கு நேராக நடந்து வந்தாள். குடை முனை மண்ணைத் தொடவில்லை. ஊருக்கு அது பொறுக்கவில்லை. ஜானகி என்னைத் தேடிக்கொண்டு வந்தாள். "டீச்சருக்கு உடம்புக்கு ஏதாவதா மாதவியேச்சி? என் வீட்டு வாசல்ல சிரட்டை எல்லாம் அப்படியே கிடக்கு. நானே கவுக்க வேண்டியதா இருக்கு." குஞ்ஞம்பு கள்ளை வேலிக்கு முன்னாலேயே வைக்கிற அளவுக்குத் துணிந்துவிட்டான். அதிலும் அவனுக்குச் சந்தோஷம் இல்லை.

மேளா இந்த வருடம் அக்கரைப் பள்ளியில். ஊட்டுப்புரையில் தேங்காய் துருவ என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். நாடகம் என்றதும் துருவலைப் பாதியில் விட்டு மண்டபத்துக்குப் போய்விட்டேன். முண்டக்கடவு ஊரே படகு ஏறி வந்திருந்தது. விலாசினி நடு வரிசையில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் பின்னால் ஜானகி, அதற்கும் பின்னால் வெள்ளை வேட்டியில் குஞ்ஞம்பு. பிள்ளைகளுக்குப் பழக்கியவர்களோ ஆசிரியர்களோ சபையிலிருந்து ஒரு சொல் எடுத்துக் கொடுத்தாலும் அந்தப் பள்ளி போட்டியிலிருந்து நீக்கப்படும் என்று ஒலிபெருக்கியில் திரும்பத் திரும்பச் சொன்னார்கள்.

அக்கரை நாடகம் முதலில். ஓசோன் படலத்தில் விழுந்த ஓட்டையைத் தாய் சூரியன் தன் முந்தானையால் தைத்தாள். மண்டபம் முழுக்க மூக்குச் சிந்துகிற சத்தம். பவித்ரன் மேடை ஓரத்தில் கைகட்டி நின்றான். எனக்கும் கண் கலங்கியது, மறைப்பானேன்?

அடுத்தது எங்கள் பிள்ளைகள். அபிநந்த் செம்பருத்தியோடு ஒரு மூலையில் சாய்ந்து படுத்ததுமே சிரிப்பு கிளம்பிவிட்டது. ரிஷானா சிறகை விரித்து வந்தாள். ஃபிரிட்ஜுக்குப் பின்னால் பிறந்த கதையைச் சொன்னபோது சபையிலிருந்த பெண்கள் ஒருத்தியை ஒருத்தி திரும்பிப் பார்த்துக்கொண்டார்கள். எத்தனை பேர் வீட்டுத் தட்டு அந்த நேரத்தில் அவர்கள் மனசுக்குள் வந்ததோ! கடைசிக் காட்சியில் பாயில் ஒரு தாய் படுத்திருக்கிறாள். கொசு அவள் பக்கத்தில் வந்து மண்டியிடுகிறது. "உன்மேல எனக்குக் கோபம் கிடையாது. என் முட்டைக்கு ரத்தம் வேணும். நீ யாருன்னே எனக்குத் தெரியாது" என்று ரிஷானா சொன்னாள். குரல் தழுதழுக்கவில்லை. அழவும் இல்லை. அவள் உம்மா சுவரோரமாக நின்று முக்காட்டின் நுனியைப் பல்லால் கடித்துக்கொண்டிருந்தாள்.

கைதட்டல் அடங்குவதற்குள், நடுவர்களில் ஒருவர் ஒலிபெருக்கியை வாங்கினார். இந்த வருடம் புதிதாக ஒரு டாக்டரை நடுவராக உட்கார வைத்திருந்தார்கள். நரைத்த மீசை, மென்மையான பேச்சு.

"நல்லா இருந்துச்சு பிள்ளைங்களா. ஃபிரிட்ஜ் தட்டு ரொம்ப அழகு. நாடகத்துக்காக யோசிச்சதா, இல்ல நிஜமாவே பார்த்தீங்களா?"

"பார்த்தோம் சார்" என்றாள் ரிஷானா.

"எங்க?"

"ஒரு வீட்ல."

"யார் வீடு?"

மேடையிலிருந்த ஒரு பிள்ளையும் சபைப் பக்கம் கண்ணைத் திருப்பவில்லை. அபிநந்த் எழுந்து அவள் பக்கத்தில் வந்து நின்று, வாயை இறுக மூடிக்கொண்டான்.

"பயப்படாதீங்க. யோசிச்சு எழுதினதா இருந்தாலும் தப்பில்ல. ஆனா கண்டுபிடிப்புக்குன்னு தனி மதிப்பெண் இருக்கு. நிஜம்னா தரணும், கற்பனைன்னா தரக் கூடாது. சொல்ல முடியலையா?" கொஞ்சம் காத்திருந்தார். "சரி, கற்பனைன்னே குறிச்சுக்கறேன்."

மேடை ஓரத்தில் பவித்ரன் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான். டாக்டர் பேனா மூடியைக் கழற்றினார்.

நடு வரிசையில் நாற்காலி ஒன்று பின்னால் நகர்ந்தது. விலாசினி எழுந்தாள். பேசினால் பிள்ளைகள் போட்டியிலிருந்தே போய்விடுவார்கள். ஜானகியும் குஞ்ஞம்புவும் ஊர் மொத்தமும் திரும்பிப் பார்க்கப் பார்க்க, உதட்டை இறுக்கிக்கொண்டு, வகுப்பில் தன் பேரைக் கூப்பிட்டதும் 'ஆஜர்' சொல்கிற பிள்ளை மாதிரி, அவள் வலது கையை நேராக மேலே தூக்கினாள். டாக்டர் நிமிர்ந்து பார்த்த பிறகும் அதை இறக்கவில்லை.